நேற்றுப் போனதும் ஒரு டம்ளரும்

காலையில் முத்தாரம்மாள் கதவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளிக்கும்போதே அந்த லைன் வீடுகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்.

"போச்சா?"

எது போச்சு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய லாட்ஜின் மதிலை ஒட்டிக் கிடந்த அந்த வரிசையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பால் ஊற்ற வருகிறவருக்குத் தெரியும். அடுத்த வீட்டு நாச்சியாருக்கு அளவுகூடத் தெரியும். பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒன்றுக்குப் போனாளா, எவ்வளவு போனாள், என்ன நிறத்தில் போனாள் என்பதெல்லாம் இப்படித் தெருவுக்கே பொதுச் செய்தியாகிப் போனதில் ஆர்யாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வாள். வெளியே அம்மா பதில் சொல்வது கேட்கும். வார்த்தை காதில் விழ வேண்டாம், குரலே போதும். அந்தக் குரல் தாழ்ந்தால் அன்று முழுக்க வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு அவளுக்குக் காலில் சொறி வந்து ஆறியது. பிறகு முகம் உப்பியது. லைன் வீட்டுப் பெண்கள் பிள்ளை தடித்துவிட்டாள் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். முத்தாரம்மாளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கண் பட்டுவிடக் கூடாதென்று மிளகாய் சுற்றிப் போட்டாள். முதலில் பயந்தவர் அப்பா பூதலிங்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அவர் டீ மாஸ்டர். ஒரு நாள் காலையில் குளிக்கப் போனவர், தரையைப் பார்த்துவிட்டு, இங்கே பாலில்லாத கட்டன்சாயாவைக் கொட்டியது யார் என்று கேட்டார். யாரும் கொட்டியிருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகு வழியாக ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு நூலளவு சதையை எடுத்துப் பார்த்தார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்ட டாக்டர், அதை வைத்தே விளக்கினார். உள்ளே லட்சக்கணக்கில் டீ வடிகட்டிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அவை ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டு வருகின்றன. சிலருக்கு இது வருஷக்கணக்கில் நடக்கும். இந்த வியாதி வாரக்கணக்கில் அடைத்துவிடும் ஜாதி. மருந்து ஏற்றியிருக்கிறோம். சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் மறுபடி விழித்துக்கொள்ளும், சிலருக்குப் பாதி விழிக்கும், சிலருக்கு விழிக்கவே விழிக்காது. இவள் எந்தக் கூட்டம் என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதம் பார்க்கலாம். மூத்திரம் கூடுகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரார்த்தனை என்றால் அது ஒன்றுக்காகத்தான்.

வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். கழுத்தோரம் குழாய் வைத்து இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி உள்ளே விடுவார்கள். அதற்குக்கூட ஆர்யா பழகிவிட்டாள். பழக முடியாமல் போனது தாகத்துக்குத்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உடம்பிலேயே தங்கி நெஞ்சுக்குள் ஏறும் என்பதால், குடிப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வார்டில் இருந்த ஜெஸ்லின் சிஸ்டர் மலையாளம் கலந்த தமிழில் அந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"நேத்து போனது எத்ரயோ, அத்ர. பின்னே கூட ஒரு டம்ளர். அவ்வளவுதான் குடிக்க வெள்ளம். சாயா, கஞ்சி, மருந்து விழுங்குறது எல்லாம் அதுக்குள்ளே வரணும் கேட்டோ."

ஏன் என்பதை அவள் அம்மாவிடம் சொன்னாள். ஆர்யாவிடம் யாரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, பயந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

குளியலறையில் கோடு போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று வந்தது. போவதையெல்லாம் அதில்தான் சேர்க்க வேண்டும். விடிந்ததும் அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அரை டம்ளர் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. நிறம் மட்டும் அதே கட்டன்சாயா. அப்பாவும் எட்டிப் பார்த்து, ஸ்ட்ராங்காகத்தான் இருக்கு என்பார். அது வேடிக்கையா வருத்தமா என்று அவருக்கே தெரியாது. பிறகு அம்மா அந்த அளவையும் கூட ஒரு டம்ளரையும் ஹார்லிக்ஸ் குப்பியில் ஊற்றி அலமாரியில் வைப்பாள். அதுதான் அன்றைய தண்ணீர்.

அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டே பகல் போகும். மத்தியானத்துக்குள் அதில் பாதி காலியாகிவிடும். அப்புறம் நாக்கு அண்ணத்தில் ஒட்டும். வாசலில் பைப்பில் குடம் நிறையும் சத்தம், பஸ் ஸ்டாண்டில் சோடா உடைக்கும் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம், எல்லாம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும். பள்ளிக்கூடத்தை நினைத்தால் கூட்டுக்காரிகளின் முகம் வராது. கிணற்றடியில் கையைக் குவித்துக் குடித்ததுதான் வரும். அம்மா ஒரு ஐஸ் துண்டை நாக்கில் வைப்பாள். வாய் கொப்பளிக்க விடுவாள். கொப்பளித்து முடியும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தொண்டை அசைந்தால் போதும், அம்மாவின் கை வந்து தாடையைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் யாரும் அவள் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. அப்பா கடையிலேயே குடித்துவிட்டு வருவார். அம்மா பின்பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். ஆனால் எவ்வளவு துடைத்தாலும் ஈரம் பட்ட உதடு வேறு மாதிரி இருக்கும். ஆர்யாவுக்குத் தெரிந்துவிடும்.

குளியலறை வாளியிலிருந்து களவாகக் குடித்திருக்கலாம். ஆனால் அம்மா தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், நான் தராத தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று. அந்தச் சத்தியத்தை மீறினால் அம்மாவின் தலைக்கு ஆபத்து. அம்மா தந்தால் மட்டுமே அது தண்ணீர்.

ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம், கால் கழுவும்போது கை நழுவி மக்கிலிருந்த தண்ணீர் கேனுக்குள் கொஞ்சம் விழுந்துவிட்டது. திட்டு விழுமே என்று பயந்து அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கேனைத் தூக்கிய அம்மா, கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்ச வாருங்க. இதைப் பாருங்க. கூடியிருக்கு."

அப்பா வந்து பார்த்தார். நிறமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் மறுபடி கேனைப் பார்த்தார். "மீடியம்" என்றார்.

அன்று ஹார்லிக்ஸ் குப்பியில் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாகத் தண்ணீர் நின்றது. அம்மா கையால் தந்த தண்ணீர். சத்தியம் அப்படியே இருந்தது. ஆர்யா அதை வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அந்தத் தண்ணீருக்கு ஒரு இனிப்பு இருந்தது.

அதற்குப் பிறகு கை நழுவ வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை அவளாகவே அரை மக் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மக். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேனில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு குப்பியில் வரும். கணக்கு சிஸ்டர் போட்டது. கேனில் ஊற்றுவது குடிப்பது ஆகாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆர்யா எதிர்பார்க்கவில்லை. வியாதி வந்ததிலிருந்து காணாமல் போயிருந்த, மேல் ஈறு தெரிகிற சிரிப்பு. வாசலில் யாரோ போச்சா என்று கேட்பதற்கு முன்பே அம்மா முந்திக்கொண்டாள். போச்சு, நல்லா போச்சு, நிறம்கூட வெளுத்துட்டு வருது என்று வீடு வீடாகச் சொன்னாள். நாச்சியார் வந்து ஆர்யாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். பால்காரர்கூட அன்று கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டுப் போனார். அப்பா கடையிலிருந்து வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரி வாங்கி வந்து, அவள் பழம் தின்னக் கூடாது என்று நினைவு வந்ததும் அசடு வழிய நின்றார்.

ஆர்யா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் தண்ணீர் குறையும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு போய்விடும். நாளைக்குக் கேனில் குறைந்தாலும் போய்விடும். அன்று சாயங்காலம் தாகத்துக்காக இல்லாமல் அம்மாவுக்காகத்தான் இன்னொரு மக் ஊற்றினாள்.

திங்கட்கிழமை, ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலை. அன்றைக்குக் கோயிலைச் சுற்றி மட்டுமல்ல, தம்பானூர் வரைக்கும் அதற்கு அப்பாலும் ரோடெல்லாம் செங்கல் அடுப்புதான். முந்தின நாளே கல்லை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். முத்தாரம்மாள் இந்த வருஷம் பிள்ளைக்காக நேர்ந்திருந்தாள். தலைவலிக்காரர்கள் அம்மனுக்கு மண்டைப்புட்டு செய்து வைப்பார்கள். மாவை உருட்டித் தலை மாதிரி பிடித்து அவித்தால், தலைநோய் தீரும். சிறுநீரகத்துக்கென்று ஒரு புட்டு கிடையாது. முத்தாரம்மாள் யோசித்து, அது எந்த வடிவத்தில் இருக்கும் என்று புருஷனிடம் கேட்டாள்.

"ஆட்டுக்க கிட்னியத்தான் நான் பாத்திருக்கேன்" என்றார் பூதலிங்கம். "அவரைக்கொட்டை மாதிரி இருக்கும்."

"அம்மனுக்கு வெளங்குமா?"

"ரெண்டா பிடி. ரெண்டா இருந்தா அவளுக்கு வெளங்கும்."

நாச்சியார் சிரித்துக்கொண்டே, ஒன்று விழித்தாலே போதும், மற்றதை அம்மனே தின்னட்டும் என்றாள். லைனே சிரித்தது. அம்மா அரிசிமாவில் இரண்டு அவரைக்கொட்டையை, ஏதோ நகை செய்வதுபோல் அவ்வளவு கவனமாகப் பிடித்தாள்.

ஞாயிறு ராத்திரி ஆர்யாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் குளத்தில் அமுங்குவது போலிருந்தது. உட்கார்ந்தே தூங்கினாள். உஷ்ணமாக இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாள். காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் விடியும் முன்பே குளித்து, ஈரத் தலையுடன், கேனை வெளிச்சத்தில் பிடித்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போயிருந்தாள். கேனில் இருந்தது இளம் மஞ்சள். லைட் டீ.

கோயிலில் அடுப்பு பற்றவைத்ததும் தீ கைமாறிக் கைமாறித் தெரு முழுக்க வந்தது. அம்மாவின் அடுப்பு லைனின் முகப்பிலேயே இருந்தது. லாட்ஜ் மதில் நிழலில் ஒரு ஸ்டூல் போட்டு ஆர்யாவை உட்கார வைத்திருந்தார்கள். புகை எழுந்து ரோட்டை மூடியது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அதனால் ஆர்யா வாயைத் திறந்து மூச்சு இழுப்பதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ஆசைப்பட்ட தண்ணீரெல்லாம் நெஞ்சுக்குள் வந்து நிற்பது போலிருந்தது. அம்மாவைக் கூப்பிடப் பார்த்தாள். கூப்பிடுகிற அளவுக்குக் காற்று உள்ளே போகவில்லை.

அம்மாவின் பானை அப்போதுதான் பொங்கி வழிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அம்மா கண்ணை மூடிக் கைகுவித்து நின்றாள். திரும்பிப் பார்த்தவள் நாச்சியார்தான்.

"முத்தாரம்மா. பிள்ளைக்க உதட்டைப் பாரு."

உதடு நாவல்பழம் தின்றது போலிருந்தது.

பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை பொங்காலை முடிந்ததாகாது. அதுவரை அடுப்பை விட்டு யாரும் போகமாட்டார்கள். முத்தாரம்மாள் போனாள். உள்ளே ஓடி ஆஸ்பத்திரிப் பையை எடுத்தாள், குளியலறையிலிருந்து கேனையும் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தானே. கடையிலிருந்து ஓடிவந்த அப்பா ஆர்யாவைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் எங்கே ஓடுவது? கண்ணுக்கு எட்டின தூரம்வரை அடுப்பு. பஸ் இல்லை, ஆட்டோ வராது. நாச்சியார் முன்னால் போய், வழி விடுங்க, மூச்சு முட்டுகிற பிள்ளை, வழி விடுங்க என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிக்கொண்டே போனாள். முன்பின் தெரியாத பெண்கள் சேலை நுனியால் சுடுபானையைப் பிடித்துத் தூக்கினார்கள், எரிகிற விறகைக் காலால் ஒதுக்கினார்கள். அப்பாவின் தோளில் தலைகீழாகத் தொங்கிய ஆர்யாவுக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல்லும் சாம்பலும், இரண்டு பக்கமும் விலகுகிற வெள்ளைச் சேலைகளும்தான். பாலம் தாண்டி ஒரு ஆட்டோ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் காற்றுக் குழாய் வைத்தார்கள். அவளைத் தூக்கி எடை காட்டும் கட்டிலில் போட்டபோது, ஏறியிருந்த எடையைப் பார்த்து ஜெஸ்லின் சிஸ்டரின் முகம் மாறியது. எத்ர வெள்ளம் கொடுத்தீங்க என்று கேட்டாள். நீங்க சொன்ன கணக்குதான் சிஸ்டர் என்றாள் அம்மா. மூத்திரம் இப்ப நல்லாப் போகுது, பாருங்க. பையிலிருந்து கேனை எடுத்து, அந்த அவசரத்திலும் ஒரு பெருமையோடு நீட்டினாள்.

சிஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கேனைச் சாய்த்துப் பார்த்தாள். ஆர்யாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் தோளில் கைவைத்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. நெஞ்சிலிருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூச்சு திரும்பி வர வர, ஆர்யாவின் கண் அந்தத் திரையிலேயே நின்றது. அம்மா வெளியே வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. காலையில் வாசலில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்ற முகமும் இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து, குழாய் இல்லாத பக்கத்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் பச்சத் தண்ணியா மக்ளே?"

ஆர்யா தலையசைத்தாள்.

"ஏன்?"

"தாகமா இருந்திச்சு."

அம்மா வெகுநேரம் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி. தாகத்துக்கு ஒரு மட்டம் ஊத்துன. பொறவு எதுக்கு ஊத்துன?"

"நீ சிரிச்சியே அம்மா."

அம்மா தலையைக் கட்டில் விளிம்பில் கவிழ்த்துக்கொண்டாள். காலடியில் நின்ற அப்பா, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: "டீயில தண்ணி சேத்தா எனக்குத் தெரியாதா. பாத்த அண்ணைக்கே மனசுல பட்டுது. இல்லன்னு நினைச்சுக்கிட்டேன்." அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நாச்சியார் வந்தாள். அம்மாவின் பானைக்குப் பக்கத்திலேயே இருந்து, தீர்த்தம் தெளிக்க வைத்து, கையோடு கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தைத் திறந்தால் இரண்டு அவரைக்கொட்டைகளும் பஸ் நெரிசலில் நசுங்கி ஒரே உருண்டையாகியிருந்தன. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாச்சியாரே அதைப் பிய்த்து, ஆளுக்கு ஒரு வாய் தந்தாள். அம்மன் கோபிக்கமாட்டாள் என்றாள். ஆர்யாவுக்குக் கிடைத்தது நகக்கண் அளவு. அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜெஸ்லின் சிஸ்டர் மறுநாள் வந்து உட்கார்ந்து, அந்தக் கணக்கு எதற்கு என்பதை முதல்முறையாக ஆர்யாவிடமே சொன்னாள். கேனில் இருப்பது உடம்பை விட்டு வெளியே போன தண்ணீர். போன அளவுக்குத்தான் உள்ளே இடம் இருக்கும். இதை முன்பே சொல்லியிருந்தால் என்று ஆர்யா நினைத்தாள். சிஸ்டரும் அதையேதான் நினைத்தாள் போலிருக்கிறது. போகும்போது அவள் தலைமுடியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் முடிந்தபோது டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார். இனிமேல் விழிக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. மெஷின் தொடரட்டும். நோயின் ஆவேசம் அடங்கி, பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, பெற்றவர்களில் ஒருவருடைய சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்கலாம். வேண்டுமானால் இப்போதே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. ஒன்று போதும், அதற்கும் அவசரமில்லை என்றார் டாக்டர். இந்த முறை எல்லாம் ஆர்யாவுக்குக் கேட்கும்படிதான் பேசினார்கள்.

லைனில் இப்போது யாரும் போச்சா என்று கேட்பதில்லை. கேட்காதது முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த வாசல் சத்தமில்லாமல் கிடப்பது ஆர்யாவுக்கு என்னவோ போலிருந்தது. அம்மாவும் விடியற்காலையில் கேனைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஆர்யா கொண்டுவந்து தருவதை வாங்கி, பார்க்காத மாதிரி பார்த்து, தண்ணீரை அளந்து ஊற்றிவிடுவாள். சந்தேகப்படுவதாகப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு. அம்மா சந்தேகப்படுவாளோ என்று பிள்ளைக்கு. இருவருக்கும் நடுவில் அந்த வெள்ளைக் கேன் இருந்தது.

ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவைப் பாதி சாத்திய ஆர்யா, மறுபடி திறந்தாள்.

"அம்மா, வா."

"என்னட்டி?"

"வந்து நில்லு. பாரு."

முத்தாரம்மாள் வந்து நின்றாள். ஆர்யாவின் காது சிவந்தது. ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. கேனில் விழுந்த சத்தம் கொஞ்ச நேரம்தான். அம்மா அதை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கால் டம்ளர் இருக்கும். நிறம் கட்டன்சாயா. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். குறைவு என்றோ கூடுதல் என்றோ சொல்லவில்லை. "இவ்வளவு இருக்கு" என்றாள். அப்பா எட்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்" என்றார்.

அந்தக் கால் டம்ளரும், கூட ஒரு டம்ளரும் குப்பிக்குப் போயின. அதிலிருந்து ஒரு வாய் அளவு ஊற்றி அம்மா நீட்டினாள். ஆர்யா அதை வாங்கி வாயில் வைத்து, நாக்கைச் சுற்றி ஓடவிட்டு, கடைசியில் இறக்கினாள். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போன பிறகு தாகம் இன்னும் கூடும். அது எப்போதும் அப்படித்தான்.

அம்மா பின்பக்கம் போகத் திரும்பினாள்.

"இஞ்சயே குடி அம்மா."

"வேண்டாம் மக்ளே. எனக்குத் தாகமில்ல."

"பொய் சொல்லாத. எனக்குப் பாக்கணும்."

முத்தாரம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு அண்ணாந்து, டம்ளரை உதட்டில் வைக்காமல் ஊற்றிக் குடித்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆர்யா இமைக்காமல் அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது. டம்ளர் காலியானதும், நனைந்த உதட்டோடு அம்மா முந்தானையைத் தேடினாள்.

"துடைக்காத" என்றாள் ஆர்யா.